போர்டு அவுட் காகிதத்தில் ஒரு வரி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் படைக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை பச்சை உடுப்பு போட்ட வீடுகள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. நான் காலாட்படைப் பிரிவு ஒன்றில் எழுத்தராக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் பனியிலும் மணலிலும் காவல் நின்றார்கள். அவர்களுடைய விடுமுறை, மாற்றல், காயம், டிஸ்சார்ஜ் எல்லாவற்றுக்கும் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட்டின் பதிவு ஆணையை எழுதியது என் வேலை. ஊருக்கு வந்த பிறகும் அந்த வேலை விடவில்லை. பென்ஷன் காகிதத்தில் சந்தேகம் என்றால் பிளாஸ்டிக் உறையோடு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள்.

முழுச் சேவை முடித்து வந்தவர்களின் காகிதத்தில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. என் நேரத்தையும் தூக்கத்தையும் எடுத்துக்கொள்வது போர்டு அவுட் ஆகி வந்தவர்கள், அதாவது மருத்துவக் குழு பார்த்து "இனி சேவைக்குத் தகுதியில்லை" என்று அனுப்பியவர்கள், காயத்தோடு சேவையை ஒப்பேற்றிவிட்டு வந்தவர்கள் ஆகியோரின் காகிதங்கள்தான். அவற்றில் நான் முதலில் பார்ப்பது மூன்று இடங்களை. எந்த விதியின் எந்த உட்பிரிவில் டிஸ்சார்ஜ் ஆனார்? நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவக் குழு என்ன எழுதியிருக்கிறது? காயத்துக்கு எந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்கள்? உடம்பில் என்ன போனது என்பது இதற்கெல்லாம் பிறகுதான் கணக்கில் வருகிறது. இதைச் சொல்லும்போது எனக்கே கசப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

முதலில் டிஸ்சார்ஜ் உட்பிரிவு. 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 13-ஆவது விதியின் கீழ் ஓர் அட்டவணை உண்டு. யாரை, எந்தக் காரணத்துக்காக, யார் உத்தரவின்பேரில் வெளியே அனுப்பலாம் என்று அதில் இருக்கும். உறுதிமொழி எடுத்த ஜவானுக்கு மூன்றாவது வரிசை. அதில் முதல் உட்பிரிவு, சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட காலத்தை முடித்தவருக்கு. மூன்றாவது, உடல் தகுதி இழந்தவருக்கு. நான்காவது, தானே கேட்டு வெளியேறுபவருக்கு. கடைசி உட்பிரிவு "பிற எல்லா வகை டிஸ்சார்ஜ்களும்" என்பது. உடல் தகுதி இழந்தவருக்கான உட்பிரிவில் மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது: இன்வாலிடிங் போர்டு என்ற மருத்துவக் குழு பரிந்துரைத்தால்தான் அனுப்ப முடியும்.

எல்.எம்.சி. என்று நாங்கள் சொல்லும் குறைந்த மருத்துவப் பிரிவில் இருக்கும் ஆளை அந்தக் குழுவின் முன் நிறுத்தாமல், "பிற எல்லா வகை" என்ற கதவு வழியாக அனுப்புவது பல காலம் நடந்தது. இலகு வேலை கொடுக்க இடமில்லை, போய்விடு என்று ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். 2008 நவம்பரில் ராஜ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. இதய நோயால் எல்.எம்.சி. ஆன ஒரு ஜே.சி.ஓ.வின், அதாவது ஜவானுக்கு மேலே, அதிகாரிக்குக் கீழே உள்ள நிலையில் இருந்தவரின் வழக்கு அது. உடல்நலக் காரணத்துக்காக ஒருவரை அனுப்புவதென்றால் அதற்கென்று உள்ள உட்பிரிவில், இன்வாலிடிங் போர்டு வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. எந்த உட்பிரிவானால் என்ன, வீட்டுக்குத்தானே வருகிறார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போர்டு வைத்து வந்தவருக்கு ஒரு கணக்கு, காலம் முடித்து வந்தவருக்கு வேறு கணக்கு என்று விதியே பிரித்து வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பென்ஷன் அலுவலகம் கணக்கைத் தொடங்குகிறது.

இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். மனம் மிகவும் நோவது இங்கேதான்.

ஒரு தாய் தன் மகனின் காகிதங்களைக் கொண்டுவந்தார். பையன் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவன். வடக்கே எல்லைப் பணியில் இருந்தபோது மனநோய் தொடங்கியது. ராணுவ மருத்துவமனை, சிகிச்சை, மறுபடியும் யூனிட், மறுபடியும் மருத்துவமனை, கடைசியில் போர்டு அவுட். "தம்பி, இவன் இங்கே இருக்கும்போது ஒரு தலைவலி மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. ஆளெடுப்பில் ஓடி முதல் ஆளாக வந்தவன். இப்போது இது பிறவி நோய் என்கிறார்கள்" என்றார்.

மருத்துவக் குழுவின் படிவத்தைப் பிரித்துப் படித்தேன். படையில் சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று இருந்தது. அதற்குக் கீழே, நோய் பணியால் ஏற்பட்டதா? "இல்லை." பணியால் அதிகரித்ததா? "இல்லை." காரணம் எழுத விட்டிருந்த இடத்தில், உடல்வாகு சார்ந்த நோய், பணியோடு தொடர்பில்லாதது என்று ஒரே வரி. அதன் கீழே மூன்று டாக்டர்களின் கையெழுத்து. சேரும்போது நோய் இல்லை, சேவையில் இருக்கும்போது வந்தது, ஆனால் சேவையால் வரவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருந்தது. எழுதத்தான் யாரும் இல்லை.

இந்த ஒற்றை வரி எத்தனை பேரின் பென்ஷனை மறித்திருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். பணியால் ஏற்படவும் இல்லை, பணியால் அதிகரிக்கவும் இல்லை என்று போர்டு எழுதிவிட்டால் ஊனத்துக்கான டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது. பத்து ஆண்டு சேவையாவது இருந்தால் இன்வாலிட் பென்ஷன் என்று சிறிய தொகை வரும். அதற்குக் குறைவாக இருந்தால் ஒருமுறை கையில் கொடுக்கும் பணிக்கொடையோடு முடிந்துபோகும். 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ சேவையில் இருந்தவர்களுக்கு மட்டும், வேறு எந்த வேலையும் பார்க்க முடியாத நிலை என்றால், பத்து ஆண்டு இல்லாவிட்டாலும் இன்வாலிட் பென்ஷன் உண்டு என்று 2020 ஜூலையில் அரசு தளர்த்தியது. அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

சட்டம் ஜவானுக்கு எதிராக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இந்தப் பென்ஷன் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982-இன் உரிமை விதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவற்றை எழுதியவர்கள் படைவீரனை அறிந்தவர்கள். சேரும்போது மருத்துவப் பதிவில் குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவன் நல்ல உடல்நிலையில் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். பின்னால் உடல் கெட்டு வெளியே வந்தால் அது பணியால் என்றே அனுமானிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் அவன் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவனுக்கே. இத்தனையும் அந்த விதிகளிலேயே இருந்தன. ஆனால் போர்டு மேஜைக்கு அவை வந்து சேரவில்லை.

அதை வரவைத்தது தரம்வீர் சிங் வழக்கு. 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு 1994-இல் அனுப்பப்பட்டார். உடல்வாகு சார்ந்தது, பணியோடு தொடர்பில்லை என்று அவருக்கும் அதே வரியைத்தான் எழுதினார்கள். 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வரியை ஏற்க மறுத்தது. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லை, தொடர்பில்லை என்பதற்குக் காரணமும் காட்டவில்லை, ஆகவே பென்ஷன் கொடு என்றது. படையை விட்டு வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி அது. அதற்குப் பிறகு இந்த மாதிரி மனுக்கள் எழுத உட்காரும்போதெல்லாம் நான் முதலில் எழுதுவது அவர் பெயரைத்தான். 2025 மே மாதத்தில், மனநோயால் போர்டு அவுட் ஆன ஒருவரின் வழக்கில், காரணம் சொல்லாத போர்டு அறிக்கையை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. அந்தத் தாயின் மனுவில் இந்த இரண்டையும் சேர்த்திருக்கிறோம்.

இடையில் விதிகளும் மாறின. 2008-இன் விதிகள், நோய் சேவைக் காலத்தில் தென்பட்டது என்ற ஒன்றாலேயே அது பணியால் வந்தது ஆகிவிடாது என்று சொல்லத் தொடங்கின. 1982-இல் ஜவான் பக்கம் சாய்ந்திருந்த தராசு அங்கிருந்துதான் மெல்ல நகர ஆரம்பித்தது.

மூன்றாவது இடம், காயத்துக்குப் போடும் எழுத்து. பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31-ஆம் தேதிக் கடிதம் சாவையும் ஊனத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்தது. ஏ என்றால் பணியோடு தொடர்பில்லாதது. பி, பணிச்சூழலாலும் தட்பவெப்பத்தாலும் வந்த நோய். சி, கடமையில் இருக்கும்போது நேர்ந்த விபத்து. டி, பயங்கரவாதிகள், சமூக விரோதிகள் தாக்குதல் போன்றவை. இ என்பது போர், எல்லை மோதல், போர் போன்ற சூழல். கண்ணிவெடி புதைப்பதும் அகற்றுவதும் இ வகையில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. இதைப் பலரும் கவனிப்பதில்லை. எதிரி சுட்டால்தான் போர்க்காயம் என்று ஜவான்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மேலே இருப்பவர்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு சாப்பர், அதாவது ராணுவப் பொறியாளர் பிரிவின் ஜவான், இருக்கிறார். 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஆபரேஷன் பராக்ரம் தொடங்கியது. மேற்கு எல்லை முழுக்கப் படை போய் நின்றது, வயல்களிலும் மணலிலும் கண்ணிவெடி புதைத்தார்கள். புதைத்தவர்கள் சாப்பர்கள். இவருக்கு வலது பாதத்தின் முன்பகுதி அங்கே போனது. "அண்ணே, சத்தம்கூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பூட்ஸைப் பார்த்தேன், பாதி பூட்ஸ்தான் இருந்தது" என்று சொல்வார். கதையைச் சொல்லிவிட்டு அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டு என் வீட்டுக் காபியைக் குடிப்பார். அவருக்கு இதில் வருத்தமே கிடையாது. காலைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

காகிதத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. காயம் பட்ட வாரத்தில் யூனிட்டில் எழுதிய காய அறிக்கையில், கடமையின்போது வெடிபொருளைக் கையாளுகையில் விபத்து என்று இருந்தது. கண்ணிவெடி புதைக்கும் பணி என்ற சொல் இல்லை. ஆபரேஷனின் பெயர் இல்லை. இடம் என்ற வரியில் "களப்பகுதி" என்று மட்டும். எழுதிய அதிகாரிக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. தினமும் ஆட்கள் காயப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவசரமாக எழுதிய அறிக்கையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைப் பார்த்து போர்டு சி போட்டது. போர்டைப் பார்த்து பென்ஷன் ஆணை வந்தது. இலகு வேலை கொடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள், அவரும் காலம் முடித்து முதல் உட்பிரிவில் வெளியே வந்தார். அதன் பிறகு யாரும் அந்த முதல் அறிக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சி-க்கும் இ-க்கும் இடையே என்ன வித்தியாசம் என்பதைப் பணத்தில் சொல்கிறேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-க்குக் குறைவாக இருந்தால் அதை 50 என்றே எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிராட் பேண்டிங் என்பார்கள். முதலில் போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டுமாக இருந்ததை, காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனி கணக்கு. பி, சி வகையில் நூறு சதவீத ஊனத்துக்குச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 12,000. நம் ஆளுக்கு அதில் பாதி, 6,000. அதே காயம் இ வகையில் இருந்து, காலம் முடித்து வந்தவர் என்றால் 60 சதவீதம், 24,000, பாதி 12,000. இ வகையில் போர்டு அவுட் ஆகியே வந்திருந்தால் முழுச் சம்பளம், 40,000, பாதி 20,000. சேவைக்கான பென்ஷன் தனி, அதன் மேல் வருவது இது. ஒரே பாதம், ஒரே சதவீதம். மாதா மாதம், ஆயுள் முழுக்க, ஆறாயிரமா பன்னிரண்டாயிரமா இருபதாயிரமா என்பதை ஓர் எழுத்தும் ஓர் உட்பிரிவு எண்ணும் முடிவு செய்கின்றன.

சாப்பரின் வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தது அவரோடு அன்று நின்ற ஆட்கள். ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கம், ஒருவர் ஆந்திராவில். இருவரும் என்ன வேலை நடந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் யூனிட் எங்கே, எந்த உத்தரவில் நின்றது என்பதற்கான பார்ட் டூ ஆர்டரைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். காயத்தின் வகையை மாற்றக் கேட்டுப் போட்ட முதல் மேல்முறையீடும் இரண்டாம் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயின. ஆயுதப் படைத் தீர்ப்பாயம் என்று ஒன்று 2009-இலிருந்து இருப்பதும் அதற்குச் சென்னையிலேயே அமர்வு இருப்பதும் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய வரம். அங்கேதான் சி என்பது இ ஆனது. நிலுவை மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு என்றார்கள். தாமதமாக வந்தால் நிலுவை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் போட்ட உத்தரவு. நடுவில் போன ஆண்டுகளின் பணம் போனதுதான். "அண்ணே, இது அப்போதே தெரிந்திருந்தால் பெண்ணை நர்சிங் சேர்த்திருப்பேன்" என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று எழுதினால் அது பொய். 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஆண்டுதோறும் ஓய்வு பெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேருக்கும், ஜே.சி.ஓ., ஜவான் நிலையில் 15 முதல் 18 சதவீதம் பேருக்கும் டிசபிலிட்டி பென்ஷன் போவதைச் சுட்டிக்காட்டியது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் அதில் நிறைய. இதைப் படித்தபோது எனக்கும் உறுத்தியது. பனியில் நிற்கும் ஜவானைவிட மேஜையில் இருப்பவருக்கு இருமடங்கு ஊனம் என்றால் எங்கேயோ கோணல் இருக்கிறது. ஆனால் அதைச் சரிசெய்ய வந்த விதி யாரைத் தொடுகிறது என்று பாருங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஊனத்தோடு சேவையைத் தொடர்ந்து காலம் முடித்து வருபவருக்கு ஊனத்துக்காகக் கிடைக்கும் பங்கின் பெயரே இப்போது டிசபிலிட்டி எலிமெண்ட் இல்லை, இம்பேர்மெண்ட் ரிலீஃப். எந்த நோயைப் பணியோடு தொடர்புள்ளதாக எடுக்கலாம் என்ற வழிகாட்டுதலும் இறுகியிருக்கிறது. போர்டைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர், வக்கீல் வைக்க முடிந்தவர் இதிலும் வழி கண்டுபிடிப்பார். எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம் என்றே நினைவில்லாத லான்ஸ் நாயக் என்ன செய்வார்? தவறாக வாங்கியவர்களைத் தேடிப் பிடிக்கட்டும். அந்தக் கணக்கை சாப்பரின் பாதத்தில் கழிக்கக் கூடாது.

இப்போது என் கவலை முழுக்க அக்னிவீர் பையன்கள் மேல். 2022-இல் வந்த திட்டம், நான்கு ஆண்டு சேவை, நான்கில் ஒரு பங்கு பேர் வரைதான் தொடர்வார்கள். இவர்களுக்கு ஊனம் ஏற்பட்டால் மாதப் பென்ஷன் இல்லை. ஊனம் 100 சதவீதம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம் ஒரே தவணையாகவும், மீதி இருக்கும் மாதங்களுக்கான சம்பளமும் கிடைக்கும். இதற்கும் ஊனம் பணியால் வந்தது அல்லது பணியால் அதிகரித்தது என்று போர்டு எழுத வேண்டும். எழுதாவிட்டால் இருபத்திரண்டு வயதில் ஊனத்துக்கென்று எதுவும் இல்லாமல் வர வேண்டியதுதான். பழைய ஜவானுக்காவது வேறு ஏதோ ஒரு பென்ஷன் மிஞ்சும் வாய்ப்பு இருந்தது. பயிற்சியிலேயே காயப்பட்டு அனுப்பப்படும் அதிகாரிப் பயிற்சி மாணவர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்தது. அக்னிவீர்களுக்கும் அப்படி ஒருநாள் வரலாம். அதுவரை காகிதம்தான் அவர்களுக்குத் துணை.

அதனால் விடுமுறையில் வரும் பையன்களைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்கிறேன். காயம் பட்டால், நினைவு இருந்தால், அறிக்கையில் என்ன எழுதுகிறார்கள் என்று கேள். எந்த ஆபரேஷன், எந்த இடம், எந்த உத்தரவில் போனாய் என்பது அதில் இருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் முழுப் பெயரையும் சொந்த ஊரையும் குறித்து வை, யூனிட் எண் மாறிவிடும், ஊர் மாறாது. மருத்துவமனையில் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் போன் கேமராவில் எடுத்து வீட்டுக்கு அனுப்பு. போர்டு முன் போனால் நோய்க்கான காரணம் எழுதும் கட்டத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன் நகலைக் கேட்டு வாங்கு. கொடுக்கவில்லை என்றால் உன் போர்டு காகிதத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நீயே கேட்கலாம். பென்ஷன் மறுத்துக் கடிதம் வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் கெடு. தேதி போட்ட உறையைத் தூக்கி எறியாதே, கடிதம் என்றைக்குக் கையில் கிடைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி.